முதல் பந்திக்கு வராத வயிற்றுப்போக்கு

எங்கள் தொழிலில், வயிறு கெட்டுப்போனவர் வீட்டுக்குப் போனால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். வயிறு நன்றாக இருப்பவர் வீட்டுக்குப் போனால்தான் சண்டைக்கு வருவார்கள்.

மீட்டர் கணக்கெடுக்கப் போகிறவர்களே, வாக்காளர் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலையும் ஆசிரியர்களே, கட்டாத நாயையும் சாத்திய கதவையும் ஒரே தெருவில் பார்த்த சகாக்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். நான் செஞ்சி வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் வேலை பார்க்கும் சுகாதார ஆய்வாளர். டாக்டர் என்றால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தரின் நாடியைப் பிடிப்பார். நாங்கள் மொத்த ஊருக்கும் நாடி பிடிக்க வேண்டும். ஊருக்கு நாடி எந்தக் கையில் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். இந்த வேலைக்கு நான் கொண்டுவந்த ஒரே மூலதனம், சின்ன வயதில் தாத்தா கதை சொல்லும்போது 'ம்' கொட்டிப் பழகியதுதான். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதற்கும் அது போதும் என்று இந்தச் சித்திரையில் தெரிந்துகொண்டேன்.

ஊருக்குள் நுழைந்தது

அனந்தபுரம் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம்; அவர்கள் பட்டது போதும். ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயில் தோப்பில் ஒரு காதுகுத்து, கறி விருந்து. திங்கட்கிழமை காலையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வயிற்றுப்போக்கோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்து, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டியிருந்தார்கள். மறுநாள் டாக்டர் மேடம் என்னையும் கிராம சுகாதார செவிலியர் ரேவதி அக்காவையும் கூப்பிட்டார். "எத்தன பேருக்கு வந்துச்சுன்னு மட்டும் எண்ணிட்டு வராதீங்க. எத்தன பேர்ல எத்தன பேருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

அந்த 'எத்தன பேர்ல' இருக்கிறதே, எங்கள் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. நூறு பேர் இருக்கிற தெருவில் பத்துப் பேர் படுத்தால் ஒரு கதை. பன்னிரண்டு பேர் இருக்கிற தெருவில் அதே பத்துப் பேர் படுத்தால் அது வேறு கதை. இதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே ஊர் எல்லையில் பைக்கை நிறுத்தினேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா என் தோள்பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் திரும்பிச் சொன்னார்:

"ஏய், கொசு மருந்துக்காரன் வந்துட்டான், தொட்டிய மூடி வைடீ. மூஞ்சப் பாத்தா பாவமா இருக்குது, அப்பிடியே கொஞ்சம் தண்ணியும் எடுத்தா."

வாசலில் நின்ற சமையல்காரம்மா

காதுகுத்து நடத்தியவர் கோதண்டம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற மனுஷர், நாற்பது வயசு இருக்கும். காது குத்திக்கொண்ட அவருடைய ஐந்து வயசுப் பெண்ணும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடந்தாள். மனுஷருக்குத் தூக்கமில்லை, கண் சிவந்திருந்தது. நாங்கள் போனபோது அவர் வீட்டு வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை. அதுதான் அஞ்சலை அக்கா. வல்லம் பக்கத்துக்காரர். ஆறேழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் அண்டா குண்டாவோடு வந்து சமைத்துக் கொடுப்பவர். அவருடைய ஆட்கள் செய்த விருந்துதான் அது. படுத்தவர்களைப் பார்த்துவிட்டுப் போக, தானே பஸ் ஏறி வந்திருந்தார்.

"முந்தின நாளு வெட்டின கறியப் போட்டு ஆக்கிட்டா சார். அத எழுதுங்க மொதல்ல" என்றார் கோதண்டம். நாங்கள் தெருவுக்குத் திரும்பியதும் அஞ்சலை அக்கா பின்னாலேயே வந்தார். அவலூர்பேட்டையில் அடுத்த வாரம் ஒரு கல்யாணச் சமையல் பேசி முடித்திருந்தாராம். சேதி அங்கே எட்டிவிட்டது. காலையிலேயே போன் பண்ணி, 'பாத்துட்டு சொல்றோம்' என்றிருக்கிறார்கள். ஒரு வீடு அப்படிச் சொன்னால் அந்த வருஷத்து முகூர்த்தம் முழுக்க அப்படித்தான் சொல்லும். இதை அழாமல், குரல் உயர்த்தாமல் சொன்னார். எனக்கென்னவோ அவர் அழுதிருந்தால் தேவலை போலிருந்தது. பஸ்ஸுக்குத் திரும்புமுன் என்னிடம் சொன்னது இது:

"தம்பி, எம்மேல தப்பு இருந்தா இருக்குதுன்னு எழுது. இல்லன்னா இல்லன்னு எழுது. 'தெரியல'ன்னு மட்டும் எழுதிடாத. அந்த ஒரு வார்த்த என்ன முழுங்கிடும்."

செருப்பின் மேல் சந்தேகம்

ரேவதி அக்கா இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல பிரசவம் பார்த்தவர். ஒரு தெருவில் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள், அப்படியொரு குரல். எனக்கு நேர் எதிர். நான் பேசினால் எதிரில் இருப்பவரே 'இன்னா?' என்று இரண்டு தடவை கேட்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு அதிகாரி.

நாங்கள் மறுபடி போனபோது கோதண்டம் தன் வழக்கை முடித்துத் தீர்ப்பும் எழுதி வைத்திருந்தார். "படுத்துக்கினு இருக்கிறவன் அத்தன பேரும் கறிசோறு தின்னவன். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதே கறிசோற்றைத் தின்றுவிட்டு நின்றுகொண்டு தலையாட்டுகிறோமே என்று அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் உடனே தோன்றவில்லை. ரேவதி அக்காதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"படுத்திருக்கிற அத்தன பேரும் செருப்பு போட்டுக்கினுதான் விருந்துக்கு வந்தாங்க. அதுக்காக செருப்புக் கடைக்காரரப் புடிச்சிடலாமாண்ணா?"

மூத்த நோயாளி

எண்ணுவதற்கு முன்னால், எதை எண்ணப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஏப்பம் விட்டவரும் கணக்கில் ஏறிவிடுவார். டாக்டர் மேடம் கோடு கிழித்துக் கொடுத்திருந்தார். விருந்துக்குப் பிறகு ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போயிருக்க வேண்டும். அப்படியானால்தான் நோயாளி. ஊரில் ஏற்கெனவே இருக்கிற வியாதி எவ்வளவு என்பது ஒரு கணக்கு. புதிதாக வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்தால், நேற்று பற்றிய தீயையும் பத்து வருஷத்து அடுப்பையும் ஒன்றாக எண்ணின மாதிரி ஆகிவிடும்.

பால் சொசைட்டி பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வாயு, புளித்த ஏப்பம், எது தின்றாலும் உப்புசம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நானும் 'ம்' கொட்டினேன். எப்போதிலிருந்து என்றேன். பத்து வருஷமாக என்றார். அப்படியென்றால் இந்தக் கணக்கில் வராது, செஞ்சி ஆஸ்பத்திரியில் ஒருநாள் காட்டுங்கள் என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. பெரியவர் முகம் வாடிவிட்டது.

"நேத்து வந்தவனுக்கெல்லாம் பேரு எழுதுற. பத்து வருஷமா கஷ்டப்படறவனுக்கு ஒண்ணியும் கெடையாதா? மூத்தவன்னு ஒரு மரியாத வேணாம்?"

'லேசா'ன்னு போட்டுக்க

இப்போதுதான் உண்மையான கஷ்டம். நோய் வந்தவர்களை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதே விருந்தில் சாப்பிட்டு, ஒன்றும் ஆகாதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஆனால் நல்லா இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் துடைப்பம் வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போனது.

அடிக்காதவர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். 'ஏதோ இருக்கோம்', 'லேசா வயிறு ஒரு மாதிரி', 'எங்களுக்கும் கொஞ்சம் இருந்துது' என்றார்கள். எத்தனை தடவை போனது என்றால், 'நீயே மூணுன்னு போட்டுக்கயேன்'. சாயங்காலம் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். கறி தின்றவர், தின்னாதவர், சின்னவர், பெரியவர், மேலத்தெரு, கீழத்தெரு, யாரை எப்படிப் பிரித்தாலும் பாதிப் பேர் நோயாளி. இதை வைத்து எழுதினால் வருகிற ஒரே வார்த்தை, அஞ்சலை அக்கா வேண்டாம் என்று கும்பிட்ட அந்த வார்த்தைதான். ஒரே ஊர் எப்படி இவ்வளவு ஒற்றுமையாகப் படுக்கும் என்று புரியாமல், கடைசியாகப் பார்த்த வீட்டுக்கே திரும்பிப் போனேன். வீட்டுக்காரம்மா முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே வயிறு சரியில்லையா அக்கா என்று கேட்டேன். என்னைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"சுத்தியும் அத்தன வீட்லயும் படுத்துக் கெடக்குறாங்க. நாங்க மட்டும் ஜம்முன்னு இருக்கோம்னு எப்பிடி தம்பி வாய் தொறந்து சொல்றது? கண்ணு பட்டுடாதா? அதான் 'லேசா'ன்னு போட்டுக்கன்னேன்."

திங்கட்கிழமை ராத்திரி என்ன குழம்பு

இதைக் கேட்டு நான் இடிந்து உட்கார்ந்துவிட்டேன். ரேவதி அக்காவோ சிரித்தார். எங்கள் தாள்களிலும் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கண் திருஷ்டிக்கு ஒரு கட்டம் இல்லை. அக்காவுக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. மறுநாள் காலை 'உடம்பு எப்படி இருக்குது' என்ற கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரி, "திங்கக்கெழம ராத்திரி இன்னா கொழம்பு?" என்று ஆரம்பித்தார். கஞ்சியும் பார்லியும் சொன்ன வீட்டில் நிஜமாகவே நோய் இருந்தது. குழம்பு மணத்த வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு ஆளாளுக்கு மெதுவாகக் கேட்டு உறுதி செய்துகொண்டோம். உடம்பைப் பற்றிப் பொய் சொல்கிறவர்கள்கூடச் சமையலைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. 'லேசா'க்களெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு வீட்டில் புருஷன் வாய் திறப்பதற்குள் பெண்டாட்டி சொல்லிவிட்டார்:

"கருவாட்டுக் கொழம்பு. ரெண்டு தபா வாங்கிச் சாப்டுட்டு, ஏப்பம் விட்டுக்கினே 'எனக்கும் லேசா'ன்னு எழுதச் சொன்னாரு இவுரு."

கோபத்தில் ஓடும் கடிகாரம்

அடுத்து நேரம் வேண்டும். யார் எப்போது சாப்பிட்டார்கள்? தோப்பில் யார் கடிகாரம் பார்த்தார்கள்? 'உச்சி வெயில்', 'கொஞ்சம் இறங்கின வெயில்' என்றார்கள். நான் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒருத்தர், நான் கேட்காமலேயே, "என்ன மூணாவது பந்தியில உக்கார வெச்சான் சார் கோதண்டம். பங்காளி நானு!" என்றார்.

கடித்த பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். தாய்மாமனும் சம்பந்தி முறையும் முதல் பந்தி, ஊர்க்காரர்கள் இரண்டாவது, காத்திருக்க வைக்கப்பட்டவர்கள் மூன்றாவது. நேரம் மறந்துபோகும். மரியாதை மறந்துபோகுமா? இலைக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்பது வரைக்கும் ஒரு ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது. இப்படியொரு ஞாபகத்தை எந்தக் கருவியில் பதிந்து வைக்க முடியும்? பந்தி பந்தியாகப் பிரித்துப் போட்டோம். முதல் பந்தியில் ஒருத்தர்கூடப் படுக்கவில்லை. இரண்டாவதில் கடைசியாக எழுந்தவர்களில் கொஞ்சம் பேர். மூன்றாவதில் கிட்டத்தட்ட எல்லோரும். ஒரே அண்டா, ஒரே கறி, ஒரே கரண்டி, பந்தி மட்டும்தான் வேறு. ஊர் இதற்குள் தன் சொந்த முடிவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது பந்திக்காரர்களுக்கு அடிச்சட்டியைச் சுரண்டிப் போட்டுவிட்டாள் அஞ்சலை என்று. அந்தப் பங்காளி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேறு மாதிரி சொன்னார்:

"சமையல்காரிய இன்னாத்துக்கு சொல்றது? மொத பந்தியில உக்கார வெச்சிருந்தா நானும் நல்லாதான் இருந்திருப்பேன். எல்லாம் கோதண்டன் பண்ணின வேல."

பிறகு பார்த்தால், அவர் சொன்னது பாதி சரி.

பூசாரியின் விரதம்

விருந்து நடந்த தோப்புக் கோயில் பூசாரியை இரண்டு நாளாக யாரும் பார்க்கவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சுருண்டு படுத்திருந்தார். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலந்து கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். நான் 'ம்' மட்டும்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே வயிறு போய்க்கொண்டிருந்ததாம். வெளியே சொல்லவில்லை. பூசாரியே படுத்தால், விருந்தில் சாமிக்கு ஏதோ குற்றம் ஆகிவிட்டது என்று ஊர் கிளம்பிவிடும் என்று பயம். நீங்க எந்தப் பந்தி என்று கேட்டேன். எந்தப் பந்தியும் இல்லை. அன்றைக்கு அவருக்குப் பொழுது சாயும் வரை விரதம். கறி, சோறு, ரசம், ஒன்றையும் தொடவில்லை. சாப்பிடாதவருக்கு எப்படி வந்தது? வேறு எதுவுமே வாயில் போடவில்லையா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சாப்பாடுன்னு ஒண்ணியும் இல்ல தம்பி. வெயில் தாங்கல, மூணாவது பந்தி நடக்கும்போது எலுமிச்சம்பழ ஜூஸ் ஒரு சொம்பு குடிச்சேன். ஜூஸ் விரதத்துல சேராதே?"

வெதவெத, ஜில்

ஜூஸ் சமையல்காரர்களின் கணக்கில் வராது. அதைக் கோதண்டம் வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் கலக்கி, தோப்பு வாசலில் வைத்திருந்தார்கள். விரதக்காரர் சேர்க்காத மாதிரியே நானும் அதை என் சாப்பாட்டுக் கேள்விகளில் சேர்த்திருக்கவில்லை. மூன்றாவது நாளும் அதே வீடுகளில் ஏறினேன். நாய்கள்கூடக் குரைப்பதை விட்டுவிட்டன.

முதல் பந்திக்காரர்களுக்கு ஜூஸைப் பற்றி ஒரே குறை. 'வெதவெதன்னு இருந்துது', 'வெந்நியில பழம் புழிஞ்ச மாதிரி'. மூன்றாவது பந்திக்காரர்கள் படுத்த இடத்திலிருந்தே பாராட்டினார்கள். 'ஜில்லுன்னு இருந்துது சார், ரெண்டு டம்ளர் குடிச்சேன்'. ஒரே டிரம், ஒரே கைப்பம்புத் தண்ணி. குறை சொன்னவர்கள் எல்லாம் நடமாடுகிறார்கள். பாராட்டியவர்கள் எல்லாம் கிடக்கிறார்கள். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தும் கல்லு மாதிரி நடமாடிய ஒரு முதியவரைத் தேடிப் போய், நீங்கள் ஜூஸ் குடிக்கவில்லையா என்று கேட்டேன். தாத்தா இருந்த நான்கு பல்லையும் காட்டினார்.

"எங்க குடிக்கிறது? அதுல பாறாங்கல்லு மாதிரி ஐஸு மெதந்துக்கினு இருந்துது. எனக்கு பல்லு கூசும்டா."

காதுக்கு வாங்கியது

கோதண்டத்தை ஆரம்ப சுகாதார நிலைய வராந்தாவில் பார்த்தேன். பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு பிரெட் ஊட்டிக்கொண்டிருந்தார். குளுக்கோஸைக் கழற்றிவிட்டார்கள், குழந்தை தேறிவிட்டது. காதில் புதுத் தோடு. ஜூஸில் ஐஸ் எப்போது போட்டீர்கள் அண்ணா என்று கேட்டேன். அவர் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. காது குத்தினதும் பிள்ளை கத்தித் தீர்த்துவிட்டதாம். காது மடல் சிவந்து வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தால் வலி அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். முதல் பந்தி நடக்கும்போதே டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பறந்திருக்கிறார். வழியில் மீன் விற்கிற இடத்தில் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் கட்டி கிடைத்தது. சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, தரையில் வைத்து உடைத்து, ஒரு துண்டைக் காதுக்கு வைத்தார். பிள்ளை அதைப் பிடுங்கிச் சப்பிக்கொண்டே அழுகையை நிறுத்தியது.

சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். மீன் ஐஸ் குடிக்கிற தண்ணியில் செய்ததில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரெட் துண்டு கையிலேயே இருந்தது. இதை உறுதி செய்ய ஒரு சொட்டு ஐஸ்கூட மிச்சமில்லை. எங்கள் தொழிலில் சாட்சி எப்போதும் உருகின பிறகுதான் எங்களுக்குச் சேதி வரும். யார் குடித்தார், யார் குடிக்கவில்லை, யார் படுத்தார் என்ற அந்த விகிதம் ஒன்றுதான் கையில் இருந்தது. அந்தக் கணக்கில் ஒருத்தி அவர் மடியிலும் உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கொழந்த காது வலிக்குதுன்னு வாங்கினது சார். மீதி வீணாப் போவுதேன்னுதான் டிரம்ல போட்டேன்."

அவலூர்பேட்டைக்கு ஒரு சிபாரிசு

டாக்டர் மேடம் அறிக்கை எழுதினார். கறிக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை, ஐஸ் போட்ட பானத்துக்குப் பலமான தொடர்பு தெரிகிறது என்று சுத்தமாக எழுதினார். யார் பெயரும் அதில் கிடையாது. அது மேலே போய், கையெழுத்தாகி, எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகாது. கோதண்டம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் அஞ்சலை அக்காவின் கறியையே பேசிக்கொண்டிருக்கும். அவருக்கும் அது தெரியும். மறுநாள் காலை என் அறை வாசலில் வந்து நின்றார். "வாங்க சார், அவலூர்பேட்ட வரைக்கும். நீங்க சும்மா கூட நின்னா போதும்" என்றார்.

கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா எங்களை நிற்க வைத்தே கேட்டார். "உங்க வீட்டு விருந்துல தானே எல்லாரும் படுத்தாங்க? நீங்களே அந்தம்மாவுக்கு சிபாரிசா?" பந்தல் போடுகிறவர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "கறியால யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் வாங்கியாந்த ஐஸத் தின்னவங்கதான் படுத்தாங்க. எம்பொண்ணும் அதுல ஒருத்தி. நானே ஊரெல்லாம் அந்தம்மாவ பேசிட்டேன். அவங்க கை சுத்தம்" என்றார். நான் பையில் வைத்திருந்த கணக்கை எடுக்கவே இல்லை. அத்தனை பேர் முன்னால் ஒரு மனுஷன் தன் தலையில் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். பெண்ணின் அப்பா தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"சரி. சமையல அந்தம்மாவே பண்ணட்டும். ஐஸ் மட்டும் நீங்க வாங்கிக்கினு வந்துடாதீங்க."

வல்லம் வழியாக

திரும்பும்போது செஞ்சியில் டீ குடித்தோம். சாயங்காலமாகியும் மலைப்பாறை அனலை விட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிற பாதையை விட்டுவிட்டு கோதண்டம் வண்டியை வல்லம் பக்கம் திருப்பினார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அஞ்சலை அக்கா வீட்டு வாசலில் அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வழியெல்லாம் என்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த மனுஷர், அங்கே போனதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதல் வேலையாக ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் வாய் திறப்பதற்குள் கேட்டார்:

"பொண்ணு சோறு சாப்டுதாண்ணா?"

முதல் இலை

அவலூர்பேட்டைக் கல்யாணத்துக்கு அஞ்சலை அக்கா என்னையும் ரேவதி அக்காவையும் அழைத்திருந்தார். முதல் பந்திக்கு இலை போட்டு, சோறு வரைக்கும் பரிமாறி முடித்துவிட்டார்கள். ஆனால் யாரும் வந்து உட்காரவில்லை. ரேவதி அக்கா உட்பட எல்லோரும் தூண் ஓரமாகவும் கல்யாண மேடை ஓரமாகவும் நின்று, ரொம்ப மரியாதையாக எனக்கு வழி விட்டார்கள். பெண்ணின் அப்பாவே வந்து கையைப் பிடித்து நடு இலையில் உட்கார வைத்தார். ஒரு ஆள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது, குறைந்தது ஒரு பந்தியாவது வேண்டும் என்று மெல்லிய குரலில் விளக்கிப் பார்த்தேன். வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சலை அக்கா சாம்பார் வாளியோடு வந்து, என் இலைக்குக் குனிந்தபடி சொன்னார்:

"நீ சாப்டு தம்பி, இதுக்கெல்லாம் கணக்கு வேணாம். நீ எழுந்து நின்னா போதும், அப்புறம் பாரு, மூணு பந்தியும் தானா ரொம்பிடும்."

ஊர் முழுக்க ஏறி இறங்கி, ஒரு ஆளை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று கற்றுக்கொண்டு வந்த என்னை, கடைசியில் ஒரே ஆளாக உட்கார வைத்து, பாயசம் இரண்டாம் தடவை வாங்கும் வரை ஒரு ஊரே உற்றுப் பார்த்து முடிவு கட்டியது.